கூழை தாங்கிய விமானி

பேகம்பேட் வழியாகப் போகாத தமிழ் மாணவர் நம் பல்கலைக்கழகத்தில் ஒருவரும் இருக்க முடியாது. சிகந்தராபாத் நிலையத்தில் இறங்கிப் பெட்டியும் படுக்கையுமாக வந்து சேர்கிற முதல் நாளிலேயே அந்த நீண்ட மதிற்சுவர் நம் கண்ணில் பட்டுவிடுகிறது. நிஜாம் ஆட்சிக் காலத்தில், 1930-களில் அமைந்த அந்த விமானத்தளந்தான் 2008 மார்ச்சு வரையில் இந்த ஊருக்கு விமான நிலையமாக இருந்தது. ஷம்ஷாபாத்தில் புதிய நிலையம் வந்த பிறகு பயணிகளின் சந்தடி ஓய்ந்துவிட்டது. எனினும் விமானப்படை அங்கேதான் இருக்கிறது; அதன் விமானங்கள் தலைக்கு மேல் போகும்போது ரசூல்புராத் தேநீர்க் கடைகளில் பேச்சு ஒரு கணம் நின்று பிறகு தொடரும்.

சென்ற ஆண்டுகளில் வந்த ஓர் இந்திப் படத்தைப் பற்றி நம் விடுதியில் நடந்த வாக்குவாதம் நண்பர்கள் பலருக்கு நினைவிருக்கும். 2025-இல் வெளிவந்த 'ஸ்கை ஃபோர்ஸ்' என்னும் அந்தப் படம், 1965-ஆம் ஆண்டுப் போரில் திரும்பி வராத ஒரு விமானியின் வரலாற்றைத் தழுவி எடுக்கப்பட்டது. "இதெல்லாம் படத்துக்காகக் கட்டிவிட்ட கதை. சேதப்பட்ட விமானத்தைத் திருப்பிக்கொண்டு, தன்னைவிட இருமடங்கு வேகமுள்ள விமானத்தோடு எவனாவது மோதுவானா? அதுவும் தன் கூட்டாளிகளைக் காப்பாற்ற?" என்று ஒரு நண்பர் அடித்துப் பேசினார். எனக்கும் அப்போது விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ள நான் பேகம்பேட்டுக்குத்தான் போனேன்.

அங்கே, தளத்துக்கு அருகில் ஒரு சந்தில், விமானப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர் குடியிருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்தவர், தாம்பரத்தில் பயிற்சி பெற்று, விமான இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவர். 1965 போருக்குப் பின்னரே படையில் சேர்ந்தவராதலால் அந்தப் போரைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் கேள்விதான். அதை முதலிலேயே சொல்லிவிட்டார்.

"நான் பறந்தவன் இல்லை தம்பி. பறக்கிறவன் பத்திரமாத் திரும்பி வர்றதுக்கு வண்டியைச் சரி பண்ணிக் கொடுத்தவன். கதை கேட்கணும்னா வேறே ஆளைப் பாரு. எப்படின்னு கேட்டா சொல்றேன்."

எனக்கு வேண்டியிருந்ததும் அந்த 'எப்படி'தான். ஒரு விமானி மற்றொரு விமானியை ஆகாயத்தில் எவ்வாறு காப்பாற்ற முடியும்? தரைப்படையில் இது எளிதில் விளங்குகிறது. அடிபட்டவனைத் தோளில் தூக்கி வரலாம்; அவன்மேல் விழுந்து மூடிக்கொள்ளலாம். மணிக்கு 500 மைல் வேகத்தில், தனித்தனி இரும்புக் கூட்டுக்குள் அடைபட்டுப் பறக்கிற இருவருள் ஒருவன் மற்றவனுக்கு என்ன செய்துவிட முடியும்?

ஐயா காப்பித் தம்ளர் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது நீ. இது நான். உன் துப்பாக்கி எந்தப் பக்கம் பார்க்குது?" என்றார். "முன் பக்கம்" என்றேன். "கண்ணு?" "அதுவும் முன்னாலேதான்." "அப்போ உன்னைக் கொல்ல வர்றவன் எந்தப் பக்கமா வருவான்?"

அதற்கு மேல் அவர் விளக்கவே வேண்டியதில்லை. சண்டை விமானத்தின் பீரங்கிகள் மூக்கை ஒட்டியோ சிறகிலோ முன்னோக்கி இறுகப் பொருத்தப்பட்டவை. அவற்றைத் தனியே திருப்ப இயலாது. விமானத்தையே திருப்ப வேண்டும். ஆகவே, எவன் பின்னால் இருக்கிறானோ அவனே வேட்டைக்காரன். முன்னால் அகப்பட்டவன் இரை. இரையின் வாற்புறத்துக்கும் சற்றுக் கீழே உள்ள இடம் அவன் கண்ணுக்கு முற்றிலும் மறைவு. தன் வாலும், தான் அமர்ந்திருக்கும் உடற்பகுதியுமே அவனுக்குத் திரையாகிவிடுகின்றன. வீழ்த்தப்பட்ட விமானிகளில் பெரும்பாலோர் தம்மை வீழ்த்தியவனைப் பார்த்ததே இல்லை என்பது இரண்டு உலகப் போர்களும் கற்பித்த பாடம். மறைந்திருந்து தாக்குவது மறமாகுமா என்று இராமாயணத்தில் நாம் பட்டிமன்றம் நடத்துகிறோம். ஆகாயத்திலோ அஃது ஒன்றே போர்முறை.

இதற்குக் கண்ட மாற்று மிக எளியது. இருவராகப் போவது. ஒருவன் தலைவன், மற்றவனை விமானப்படையில் 'நம்பர் டூ' என்பார்கள். அவன் தலைவனுக்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்தங்கி, பல நூறு கெஜம் விலகிப் பறப்பான். அவ்வளவு தூரம் எதற்கு? ஒட்டிப் பறந்தால் இடித்துக்கொள்ளாமல் இருப்பதிலேயே கண் முழுதும் செலவாகிவிடும். விலகி நின்றால்தான் நான் உன் வாலைப் பார்க்க முடியும். நீ என் வாலைப் பார்க்க முடியும். தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாத இருவர் ஒருவருக்கொருவர் கண்ணாகிறார்கள். ஏற்பாடு இவ்வளவுதான்.

இந்த எளிய விஷயத்தைக் கற்க எத்தனை உயிர் பிடித்தது தெரியுமா? இங்கே நம் ஹைதராபாத்துக்கும் அதில் ஒரு தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் விமானப்படையில் 152 என்ற எண்ணுள்ள ஸ்குவாட்ரன் ஒன்று இருந்தது. அதன் முழுப் பெயரே 152 (ஹைதராபாத்) ஸ்குவாட்ரன். நிஜாம் கொடுத்த நன்கொடைக்காக வைத்த பெயர் அது. அந்தப் படையின் சின்னத்தில் நிஜாமின் தலைப்பாகை இடம்பெற்றிருந்தது! 253 (ஹைதராபாத் ஸ்டேட்) என்று இன்னொன்றும் உண்டு. 1940-இல் ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின் மேல் வந்து விழுந்தபோது, நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய இவ்விரு ஸ்குவாட்ரன்களும் போரிட்டன. அப்போது பிரிட்டிஷார் மூன்று மூன்று விமானங்களாக, 'வி' என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில், நெருக்கமாகப் பறந்தார்கள். பார்வைக்கு அழகிய அணிவகுப்புத்தான். ஆனால் தலைவன் ஒருவன் பகைவனைத் தேட, மற்ற இருவரும் அவன் சிறகை இடிக்காமல் இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தனர். பின்னால் பார்க்க எவருமில்லை. ஜெர்மானியரோ, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் மோல்டர்ஸ் போன்றோர் கண்ட அனுபவத்தால், இருவர் இருவராக, நான்கு பேர் கொண்ட விரிந்த அணியில் வந்தார்கள். உங்கள் வலக்கையை மேசைமேல் விரித்து வைத்து, கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, நான்கு விரல் நுனிகளையும் பாருங்கள்; அந்த அணியின் வடிவம் அதுவே. நன்றாக அடிபட்ட பிறகு பிரிட்டிஷாரும் அதற்கு மாறினார்கள்.

அதே போர்க் காலத்தில் நம் பேகம்பேட்டில், தொடக்கப் பறத்தல் பயிற்சிப் பள்ளி ஒன்று நடந்துவந்தது. 'டைகர் மாத்' என்னும் இரட்டைச் சிறகு விமானத்தில் இந்திய இளைஞர் பலர் முதன்முதலாகத் தரையை விட்டு எழுந்தது அந்த மதிற்சுவருக்கு உள்ளேதான். அவர்களில் பெரும்பாலோர் உங்கள் வயதினர். சிலர் உங்களைவிட இளையவர்கள்.

மறுபடி தம்ளருக்கு வருவோம். ஐயா மூன்றாவதாக ஒரு தம்ளரை எடுத்து என் தம்ளரின் பின்னால் வைத்தார். "இவன் பகையாளி. உன் வாலைப் பிடிச்சிட்டான். நான் நம்பர் டூ. என்ன செய்யணும்?" "அவனைச் சுட்டு வீழ்த்த வேண்டும்" என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். "வீழ்த்தினா நல்லதுதான். ஆனா அது வேலை இல்லை. அவனைத் திரும்ப வைக்கணும். அதுதான் வேலை."

இந்த ஒரு சொல்லில்தான் எனக்குக் கதவு திறந்தது. ஓடும் விமானத்தைக் குறிபார்த்துச் சுட வேண்டுமானால், சில விநாடிகளாவது அசையாமல் அதன் பின்னாலேயே பறந்தாக வேண்டும். அந்தச் சில விநாடிகளில் அவன் தன் முதுகை மறந்திருப்பான். அப்போது அவனுக்குப் பின்னால் ஒருவன் வந்து சேர்ந்துவிட்டால், குறியை விட்டுவிட்டு உயிர் தப்பத் திரும்புவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. குண்டு படாவிட்டாலும் போதும். பக்கத்தில் பறந்தால் போதும். தோழன் பிழைத்துவிடுவான். ஆனால் காக்கப் போனவனின் கதி? உயரத்தையும் வேகத்தையும் விலையாகக் கொடுத்து, தன் முதுகை வேறு எவனுக்கோ காட்டிக்கொண்டு, அந்த இடத்தில் வந்து நிற்கிறான். தன் எதிரே எளிதில் வீழ்த்தத்தக்க இலக்கு ஒன்று போய்க்கொண்டிருந்தாலும், அதை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். விமானங்களை வீழ்த்தியவர்களின் எண்ணிக்கையைப் பத்திரிகைகள் போடும். தோழனின் வாலைக் காத்தவனுக்குக் கணக்கு வைக்க எந்த ஏடும் இல்லை.

முறைக்கு அப்பாற்பட்ட துணிச்சல்களும் உண்டு. 1952-இல் கொரியப் போரில், எரிபொருள் ஒழுகிக்கொண்டிருந்த தோழர் லோகனின் விமானத்துக்குப் பின்னால் சென்ற ராபின்சன் ரைஸ்னர் என்ற அமெரிக்க விமானி, அவரை இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, தம் விமானத்தின் மூக்கை அவர் விமானத்தின் வாற்குழலில் வைத்துக் கடல் வரையில் தள்ளிக்கொண்டே போனார். நின்றுபோன காரைப் பின்னிருந்து தள்ளுவது போல! லோகன் கடலில் குதித்தார். ஆனால் பாரசூட்டின் கயிறுகளில் சிக்கி மூழ்கிப்போனார். அந்த நிகழ்ச்சியைப் படித்தபோது எனக்கு வியப்பைவிடத் துயரமே மிகுந்தது.

இனி நம் விடுதி வழக்குக்கு வருகிறேன்.

அந்த விமானியின் பெயர் அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யா. குடகு நாட்டவர், 1932-இல் பிறந்து, 1954-இல் விமானப்படையில் அதிகாரியானார். 1965-இல் ஸ்குவாட்ரன் லீடர் பதவியிலிருந்தார்; போர் மூண்டபோது பறத்தல் கல்லூரியில் இளைஞர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியராயிருந்து, அங்கிருந்து முதலாம் ஸ்குவாட்ரனுக்கு வந்தவர். இந்த 'ஆசிரியர்' என்ற சொல்லை நண்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர்ப் பயன்படும்.

செப்டம்பர் 6 மாலை பாகிஸ்தான் விமானங்கள் பதான்கோட்டைத் தாக்கி, தரையில் நின்ற நம் விமானங்கள் பலவற்றை அழித்தன. மறுநாள் விடியலில், பாகிஸ்தானின் மிகப் பெரிய விமானத்தளமான சர்கோதாவைத் திருப்பித் தாக்குவதென்று முடிவாயிற்று. பஞ்சாபிலுள்ள ஆதம்பூரிலிருந்து முதலாம் ஸ்குவாட்ரன் புறப்பட்டது. தலைமை தாங்கியவர் விங் கமாண்டர் தனேஜா. தேவய்யா அன்று செல்ல வேண்டியவர் பட்டியலில் இல்லை. எவருடைய விமானமாவது கோளாறு செய்தால் அந்த இடத்தை நிரப்பவே அவரைக் காத்திருக்க வைத்திருந்தார்கள். புறப்பாட்டில் குழப்பம் நேரவே, அவரும் எழுந்து, அணியின் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார்.

அவர்கள் ஓட்டியது மிஸ்டேர் என்னும் பிரெஞ்சு விமானம். நேர்மட்டமாகப் பறக்கையில் ஒலியின் வேகத்தை எட்டாதது. 30 மில்லிமீட்டர்ப் பீரங்கி இரண்டு உடையது. எதிரே பாகிஸ்தானிடம் இருந்ததோ, அமெரிக்கா கொடுத்த ஸ்டார்ஃபைட்டர். ஒலியைப்போல் இருமடங்கு வேகம். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் குண்டு பொழியும் ஆறு குழல் பீரங்கி. வெப்பத்தை மோப்பம் பிடித்துப் போகும் ஏவுகணை. அதன் சிறகு ஒரு பக்கத்துக்கு ஏழெட்டடிதான் இருக்கும். சிறகின் முன்விளிம்பு அத்தனை கூர்மையாதலால், தரையில் நிற்கும்போது பணியாளர் கையை அறுத்துக்கொள்ளாமலிருக்க உறை போட்டு வைப்பார்களாம். இதைச் சொன்னபோது ஐயா தம் உள்ளங்கையைத் தடவிக்கொண்டார். இயந்திரம் பார்த்தவருக்கு எந்த விமானத்தைக் கேட்டாலும் முதலில் தம் கைதான் நினைவுக்கு வருகிறது போலும்!

ஆதம்பூருக்கும் சர்கோதாவுக்கும் இடையே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ரேடாரின் பார்வையில் படாமலிருக்க, மரங்களின் உச்சியை ஒட்டித் தாழ்வாகப் பறந்து போனார்கள். தாழப் பறந்தால் ஜெட் விமானம் எரிபொருளை அள்ளிக் குடிக்கும். போய், ஒருமுறை தாக்கி, நேரே திரும்பி வருவதற்குத்தான் எண்ணெய் கணக்காக இருந்தது. நின்று சண்டை போடுவதற்கென்று அதில் ஒரு துளியும் ஒதுக்கவில்லை.

தாக்குதல் முடிந்து வீடு நோக்கித் திரும்பும் வேளையில், ஃப்ளைட் லெஃப்டினன்ட் அம்ஜத் ஹுசேன் ஓட்டிவந்த ஸ்டார்ஃபைட்டர் அவர்களைக் கண்டுகொண்டது. எல்லோருக்கும் பின்னால் போய்க்கொண்டிருந்தவர் தேவய்யா. ஏவுகணை குறி தவறியது. தரையை ஒட்டிப் பறக்கும் இலக்கை, அந்தக் காலத்து ஏவுகணை எளிதில் பிடித்துவிடாது. அடுத்துப் பீரங்கி பேசியது. மிஸ்டேரின்மேல் குண்டுகள் பாய்ந்தன. இது தீர்ந்தது என்று எண்ணிய அம்ஜத் ஹுசேன், முன்னே செல்லும் மற்ற விமானங்களின் பக்கம் திரும்பினார்.

அது தீரவில்லை. அடிபட்ட மிஸ்டேர் திரும்பி ஸ்டார்ஃபைட்டரின்மேல் பாய்ந்தது. இருவரும் ஒருவர் முதுகை ஒருவர் பிடிக்கச் சுழன்றார்கள். நம் நண்பர் கேட்ட கேள்விக்கு இங்கேதான் விடை. இயற்பியல் மாணவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்: வளைந்து திரும்பும் பொருளின் வேகம் இரட்டித்தால், விமானியின் உடல் தாங்கும் அளவு மாறாதவரையில், வட்டத்தின் ஆரம் நான்கு மடங்காகும். ஸ்டார்ஃபைட்டர் தன் வேகத்தோடு திரும்பினால் வட்டம் ஊரளவு விரியும். வேகத்தைக் குறைத்துக்கொண்டாலோ, அந்தக் குட்டைச் சிறகால் மிஸ்டேர் அளவுக்கு நெருங்கி வளைய முடியாது. வேகமாகப் போய்விடுவதுதான் அதன் பலம். சுற்றிச் சுற்றிச் சண்டையிட இழுத்துவிட்டால், அந்தப் பலம் அதன் கையை விட்டுப் போய்விடுகிறது. தேவய்யா அப்படி இழுத்துவிட்டார். மிஸ்டேரின் பீரங்கிக் குண்டுகள் ஸ்டார்ஃபைட்டரைத் தாக்கின. அம்ஜத் ஹுசேன் பாரசூட்டில் குதித்து உயிர் தப்பினார். தேவய்யா திரும்பவில்லை. அவரும் அவர் விமானமும் பாகிஸ்தான் மண்ணிலேயே விழுந்தனர்.

அவருக்கு முன்னால் சென்ற தோழர்கள் ஆதம்பூர் வந்து சேர்ந்தார்கள். பின்னால் என்ன நடந்ததென்று அவர்களுள் ஒருவருக்கும் தெரியாது.

"அடிபட்டவர் வேறென்ன செய்திருப்பார்? மாட்டிக்கொண்டதால் சண்டையிட்டிருப்பார். இதைத் தோழர்களுக்காக என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று நான் ஐயாவிடம் கேட்டேன். வக்கீல் கேள்விதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி என்றே இன்றும் எண்ணுகிறேன். மறைந்தவரின் மனத்துக்குள் புகுந்து பார்க்க எவராலும் இயலாது.

ஐயா சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு சொன்னார்: "அந்த ஸ்டார்ஃபைட்டர் இவரை விட்டுட்டுத் தம்பி, முன்னாலே போயிடுச்சு. இவர் செத்தார்னு நினைச்சிடுச்சு. அப்போ இவருக்கு என்ன கிடைச்சது? அரை நிமிஷம் கிடைச்சது. தரையோட தரையா ஒட்டி வேறே திசையிலே போயிருக்கலாம். விமானத்தை விட்டுக் குதிச்சிருக்கலாம். கைதியாப் பிடிச்சிருப்பாங்க, சண்டை முடிஞ்சதும் விட்டிருப்பாங்க. திரும்பினா எண்ணெய் போதாதுன்னு யாருக்குத் தெரியாட்டியும் அவருக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் அவர்."

தம்ளர்க் கணக்கைக் கொண்டு பார்த்தால் எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது. பகைவனின் மூக்கு தோழர்கள் பக்கம் திரும்பியிருந்தது, அதைத் தன் பக்கம் திருப்ப வேண்டும், திருப்பினார். நம்பர் டூவுக்குப் பயிற்சிப் பள்ளியில் கற்பிக்கும் வேலை எதுவோ அதையே அவர் செய்தார். ஒருவருக்காகச் செய்ய வேண்டியதை, முன்னே சென்ற அத்தனை பேருக்காகவும் செய்தார்.

இந்த வேலைக்கு நம் முன்னோர் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால், விமானம் பறக்கும் கட்டுரையில் புறநானூறு எதற்கு என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள். படையின் பின்னணிக்குக் 'கூழை' என்று பெயர். தன் படை உடைந்து பின்வாங்கும்போது ஒருவன் மட்டும் அங்கே நின்று துரத்தி வருபவரைத் தாங்குவதைத் தொல்காப்பியர் தும்பைத் திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்தார். அதற்கு 'எருமை மறம்' என்று பெயர். சேற்றில் நிற்கும் எருமையைப் போல அசையாமல் நிற்பவனின் வீரம் அது. புறநானூற்றின் 275-ஆம் பாட்டு இந்தத் துறையைச் சேர்ந்தது. ஒரூஉத்தனார் பாடியது. பகைவர் நடுவே அகப்பட்ட தோழனிடம் ஒருவன் போகிறான். போகும் வேகத்துக்குப் புலவர் சொல்லும் உவமை புலியுமில்லை, யானையுமில்லை. கன்றிடம் ஓடும் பசு. நான் இந்தப் பாட்டைப் பள்ளியில் உரையோடு உருப்போட்டு மதிப்பெண் வாங்கியவன்தான். ஸ்டார்ஃபைட்டருக்கும் மிஸ்டேருக்கும் நடுவே வைத்துப் பார்த்த பிறகே அது என்ன சொல்கிறதென்று விளங்கிற்று.

அதே செப்டம்பர் 7-ஆம் நாள், நாட்டின் மறுகோடியில், வங்காளத்துக் கலாய்குண்டா விமானத்தளத்தின்மேல் இன்னொரு சண்டை நடந்தது. தாக்க வந்த நான்கு சேபர் விமானங்களை ஆல்ஃபிரட் குக், மம்கெய்ன் என்னும் இருவர் இரண்டு ஹண்டர் விமானங்களில் எதிர்த்தார்கள். தலைவனும் நம்பர் டூவுமாகச் சென்ற ஓர் இணைதான் அதுவும். சேபர் ஒன்று அங்கேயே வீழ்ந்தது, மற்றவை விரட்டப்பட்டன. இருவருக்கும் வீரசக்கர விருது கிடைத்தது. இதில் நம் போன்றோருக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. பக்கத்திலேயே கரக்பூர்த் தொழில்நுட்பக் கழகம். விமானங்கள் தாழப் பறந்து சுழல்வதை அங்கிருந்த மாணவர்கள் நேரில் கண்டார்கள்! நம்மைப் போன்ற மாணவர் கூட்டம் ஒன்று, தங்கள் விடுதிக்கு மேலேயே போரைப் பார்த்துவிட்டது. குக்கின் வீரத்துக்கு ஒரு கல்லூரியே சாட்சி.

தேவய்யாவுக்கு அந்தப் பேறு இல்லை. அவருடைய வீரத்தைக் கண்ணால் கண்டவர் உலகிலேயே ஒருவர்தான், அவரும் பகைவர். எனவே நம் விமானப்படையின் ஏட்டில் அவர் 'காணாமற் போனவர்' ஆனார். ஒரு மாதமா, ஓராண்டா? 14 ஆண்டுகள் கழித்து, 1979-இல், ஜான் ஃப்ரிக்கர் என்னும் ஆங்கிலேயர் 1965 ஆகாயப் போரைப் பற்றிப் பாகிஸ்தான் தரப்புச் செய்திகளைக் கொண்டு ஒரு நூல் வெளியிட்டார். மிஸ்டேர் ஒன்று தங்கள் ஸ்டார்ஃபைட்டரை வீழ்த்திய செய்தி அதில் இருந்தது. நம் அதிகாரிகள் அதைப் படித்து நாளையும் இடத்தையும் ஒட்டிப் பார்த்தபோது, அந்த மிஸ்டேரில் இருந்தவர் தேவய்யாவாகவே இருக்க முடியும் என்று தெரிந்தது. தலைமை தாங்கிச் சென்ற தனேஜா உட்படப் பலர் விடாது எழுதி வற்புறுத்தினார்கள். 1988-இல், சண்டை நடந்து 23 ஆண்டுகளுக்குப் பின், மகாவீர சக்கர விருது அவர் மனைவியிடம் அளிக்கப்பட்டது.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. அந்த ஒரே சாட்சியான அம்ஜத் ஹுசேன், 1971 டிசம்பர்ப் போரில் அமிருதசரஸில் தரைப் பீரங்கியால் வீழ்த்தப்பட்டு நம்மிடமே போர்க்கைதியாக இருந்தவர். செய்தி நம் கைக்குள்ளேயே வந்து போயிருக்கிறது. அது நம் ஏட்டில் ஏற மேலும் பல ஆண்டுகள் ஆயின.

ஐயாவிடம் இதைச் சொன்னேன். "ஆமா" என்றார். அவ்வளவுதான். எழுந்து தம்ளர்களைக் கழுவப் போய்விட்டார். 

டில்லிக்குப் போகும் நண்பர்கள், பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் மிஸ்டேர் ஒன்றைக் காணலாம். எல்லோரும் அதன் மூக்கருகே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சுற்றிக்கொண்டு வாற்புறத்துக்குப் போய், சற்றுக் குனிந்து நின்று, விமானியின் இருக்கை எங்கே இருக்கிறதென்று தேடிப் பாருங்கள்.